"காலம் சமீபித்தது" என்று சொல்ல வரும் ஐயாமாருக்கு

நீலகிரி மலையில் மே மாதக் கூட்டங்களுக்கு மேடை போடும் சபைக் கமிட்டிகளுக்கும், அந்த மேடையில் ஏறிப் பேச வரும் பாஸ்டர் ஐயாமாருக்கும் ஸ்தோத்திரம்.

நான் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அப்பாவும் அத்தையும் இலங்கையிலிருந்து, தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி இந்த மலைக்கு வந்தார்கள், தகரப்பெட்டியில் துணிமணிகளோடு ஒரு வேதாகமமும் வந்தது. அந்த வேதாகமத்தில் பாதிக்குமேல் அடிக்கோடு போட்டவர் அத்தைதான். ஆகவே வேதம் தெரியாதவன், நாத்திகன், எவனோ தூண்டிவிட்டு எழுதுகிறான் என்று ஆரம்பத்திலேயே மடித்து வைத்துவிடாதீர்கள். இயேசுவின் இரண்டாம் வருகையை நானும் நம்புகிறேன். கடைசிக்கால வஞ்சகம் என்று ஒன்று உண்டு என்பதையும் நம்புகிறேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2021இல் எங்கள் லயத்துக்கு நர்ஸம்மா இரண்டு தடவை ஏறி வந்தார். அத்தைக்கு அப்போது அறுபத்தெட்டு வயது, சர்க்கரை வேறு. கொரோனா ஊசி வேண்டாம் என்றுவிட்டார். காரணம், அதற்கு ஒரு மாதம் முன்னால் ஒரு பிரசங்க ஊழியர் போனில் நடந்த உபவாச ஜெபத்தில், இந்த ஊசி வெளிப்படுத்தின விசேஷம் சொல்லும் மிருகத்தின் முத்திரைக்கு ஒத்திகை, போட்டுக்கொண்டவனுடைய பெயர் இரட்சிக்கப்பட்டவர்களின் ஜீவபுஸ்தகத்தில் இருக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். யோசித்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னாராம், போடாதே என்று சொல்லவில்லையாம், அப்புறம் கேட்டபோது அவருடைய ஆட்கள் சொன்ன விளக்கம் அது. அத்தை யோசித்தார். கொரோனா வந்து பதினோரு நாள் ஆக்சிஜனில் கிடந்தார். பிழைத்துவிட்டார், கர்த்தருக்கு நன்றி, ஆனால் கோயில் படியை ஒரே மூச்சில் ஏறிய மனுஷி இப்போது மூன்று இடத்தில் உட்கார்ந்து ஏறுகிறார்.

2023 மே மாதம் அதே ஊழியர் நம் மலைக்கு வந்தார். இரண்டு மணி நேரம் பேசினார். ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, இந்தத் தடவை டிஜிட்டல் பணம்தான் முத்திரை. கூட்டம் முடிந்து அத்தை அவரிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று மேடைக்குப் பின்னால் போய் நின்றார், அதற்குள் கார் கிளம்பிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம் கேட்டார்: "அப்ப அது முத்திரை இல்லையாப்பா?"

இதற்கு நான் பதில் சொல்வது சரியில்லை. சொன்னவர் சொல்ல வேண்டும். இந்த மடலில் நான் கேட்கப்போவது அவ்வளவுதான், ஆனால் அதற்கு முன்னால் சில விஷயங்களைப் பேசிவிட வேண்டும், ஏனென்றால் நீங்கள் எடுத்துக்காட்டும் அதே வசனங்களை நாங்களும் வாசிக்கிறோம்.

ஒலிவமலையில் சீஷர்கள் வருகைக்கு அடையாளம் என்ன என்று கேட்டபோது (மத்தேயு 24) இயேசு முதலில் சொன்னது யுத்தத்தையும் பூமியதிர்ச்சியையும் அல்ல. "ஒருவனும் உங்களை வஞ்சியாதபடிக்கு எச்சரிக்கையாயிருங்கள்" என்றார். யார் வஞ்சிப்பார்கள்? என் நாமத்தைத் தரித்துக்கொண்டு வருகிறவர்கள் என்றார். அரசாங்கம், ஆதார் அட்டை, மருந்துக் கம்பெனி எதையும் காட்டவில்லை. நம் ஆட்களைக் காட்டினார். லூக்கா 21:8ஐ எடுத்துப் பாருங்கள், அங்கே இன்னும் கூர்மையாக இருக்கிறது: அந்த வஞ்சிக்கிறவர்கள் "காலம் சமீபித்தது" என்றும் சொல்லுவார்களாம், "அவர்களைப் பின்பற்றாதிருங்கள்" என்று முடிகிறது. நாற்பது வருஷமாகக் கூட்டங்களுக்குப் போகிறேன், இந்த வசனத்தை வைத்து ஒரு செய்தி கேட்டதில்லை. மத்தேயு 24ஐ வரிவரியாகப் பிரித்து மேய்கிறவர்கள் லூக்காவின் இந்த ஒரு வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வெளிப்படுத்தின விசேஷம் முதல் அதிகாரத்திலேயே காலம் சமீபமாயிருக்கிறது என்று யோவான் எழுதியிருக்கிறாரே என்று நீங்கள் கேட்கலாம். எழுதினார், சரி. தேதி குறிக்கவில்லை, காணிக்கைப் பையையும் சுற்றவிடவில்லை.

இன்னொன்று. கிறிஸ்துவின் எதிராளியைக் குறிக்கும் அந்திக்கிறிஸ்து என்ற வார்த்தை வெளிப்படுத்தின விசேஷத்தில் ஒரு இடத்தில்கூட இல்லை. யோவானின் நிருபங்களில் மட்டும்தான் வருகிறது. அங்கே அவர் "அநேக அந்திக்கிறிஸ்துகள் இருக்கிறார்கள்" என்று பன்மையில், தம் காலத்திலேயே இருப்பதாகச் சொல்கிறார், அடுத்த வசனத்திலேயே அவர்கள் நம்மைவிட்டுப் பிரிந்துபோனார்கள் என்கிறார். ஆக, சபைக்குள்ளிருந்து போனவர்கள். இதை விட்டுவிட்டு ஆளைத் தேடிக்கொண்டு போனதில் எத்தனை பேர் மாட்டினார்கள்! லூத்தருக்குப் போப்பாண்டவர், பிறகு நெப்போலியன், பிறகு முசோலினி. கோர்பச்சேவ் நெற்றியில் ஒரு மச்சம் இருந்த பாவத்துக்கு அவரும். ரொனால்டு வில்சன் ரீகன் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினால், மிருகத்தின் இலக்கமான 666 போல, ஆறு ஆறு ஆறு எழுத்து வருகிறதாம், அதற்காக அவரும். 1981இல் கிரேக்கம் சேர்ந்து ஐரோப்பியச் சமூகம் பத்து நாடுகள் ஆனவுடன், தானியேல் தரிசனத்தில் கண்ட மிருகத்தின் பத்துக் கொம்பு இதோ என்றார்கள். 1986இல் கொம்பு பன்னிரண்டு ஆயிற்று. இப்போது இருபத்தேழு.

அத்திமரக் கணக்கும் அப்படித்தான். அத்திமரம் துளிர்க்கும்போது முடிவு சமீபம், இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது என்று இயேசு சொன்ன உவமையை எடுத்துக்கொண்டு, அத்திமரம் என்றால் இஸ்ரவேல், துளிர்விட்டது இஸ்ரவேல் நாடு உருவான 1948, ஒரு சந்ததி நாற்பது வருஷம், ஆகவே 1988 என்றார்கள். அந்த வருஷம் நான் சின்னப் பையன், பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்று சந்தோஷமாக இருந்தது ஞாபகம் இருக்கிறது. 1988 போனதும், ஆயுசு நாட்கள் எழுபது வருஷம் என்கிற சங்கீதம் 90க்குப் போய் ஒரு சந்ததியை எழுபது ஆக்கினார்கள், 2018. அந்த வருஷம் மலையில் குறிஞ்சி பூத்தது, வேறொன்றும் நடக்கவில்லை. இப்போது "பெலத்தின் மிகுதியால் எண்பது", 2028. லூக்காவில் இதே உவமை "அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள்" என்று இருக்கிறது. அத்திமரம் இஸ்ரவேல் என்றால் மற்றெல்லா மரங்களும் எந்தெந்த நாடு? குறிஞ்சிக்குப் பன்னிரண்டு வருஷக் கணக்கு உண்டு, காட்டுக்குப் போகிறவனைக் கேட்டால் 2030 என்று சொல்லிவிடுவான். அந்த நாளையும் அந்த நாழிகையையும் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான் என்று எழுதியிருக்கும்போது அதற்கு எதற்குக் கணக்கு?

முத்திரைக்கு வருகிறேன், அத்தையின் கேள்வி அதுதானே. முத்திரையைச் சொல்லும் வெளிப்படுத்தின விசேஷம் 13 முடிந்து அடுத்த வசனம் 14:1. அங்கே ஆட்டுக்குட்டியானவரோடு நிற்கிற லட்சத்து நாற்பத்து நாலாயிரம் பேரின் நெற்றியிலும் ஒன்று எழுதியிருக்கிறது, பிதாவின் நாமம். அதற்கு யாரும் ஊசியோ சிப்போ தேடுவதில்லை. அது யாருக்குச் சொந்தம் என்பதன் அடையாளம் என்று நீங்களே பிரசங்கிக்கிறீர்கள். உபாகமம் 6இல் கட்டளைகளைக் கையிலும் கண்களுக்கு நடுவிலும் கட்டிக்கொள் என்றதும் அதே கை, அதே நெற்றி. பிறகு 14:9, மிருகத்தை வணங்கி முத்திரையைத் தரித்துக்கொள்ளுகிறவன் என்கிறது. வணங்குதல் இல்லாமல் அது இல்லை. தூங்கும்போது ஒட்டிக்கொள்கிற அட்டைப்பூச்சி மாதிரி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தெரியாமல் வாங்கிக்கொண்டு வருகிற சமாச்சாரம் அல்ல அது. எபிரெய எழுத்துகளுக்குரிய எண்களை வைத்து ரோமை ஆண்ட நீரோ இராயனின் பெயரைக் கூட்டினால் 666 வரும் என்பதைச் சொல்லும் வேத அறிஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நீங்கள் அதை ஏற்க வேண்டாம், அப்படி ஒரு விளக்கம் இருக்கிறது என்று ஒரு தடவை மேடையில் சொல்லியிருக்கலாம்.

2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பக்கமெல்லாம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அடுத்த கூட்டத்தில் அதுவும் அடையாளமாயிற்று. ஓடையை மறித்து, சரிவை வெட்டிக் கட்டின கட்டடங்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்குமேல் மழை கொட்டியபோதும் இதே கதை. பிணத்தை எடுத்த வீட்டில் போய் முடிவு வந்துவிட்டது என்பதற்கு, "முடிவு உடனே வராது" என்ற வசனத்தையல்லவா மறைக்க வேண்டியிருக்கிறது.

தப்பாகக் கணித்தவர்களை நான் கேலி செய்ய வரவில்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லரை நம்பி, 1844 அக்டோபர் 22க்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று வயலில் உருளைக்கிழங்கைத் தோண்டாமல் விட்டவர்கள் இருந்தார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு அது என்ன நஷ்டம் என்று தெரியும். ஆனால் மில்லர் தம் தவற்றை எழுத்தில் ஒப்புக்கொண்டார். 2011 மே 21 என்று உலகமெல்லாம் போர்டு வைத்த ஹெரால்டு கேம்பிங், அடுத்த வருஷம், தேதி குறித்தது பாவம் என்று தம் கையால் எழுதிவிட்டுத்தான் செத்தார். பக்கத்துத் திருவிதாங்கூரில், தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப் 1881இல் வருகை என்று அறிவித்தார். அந்த வருஷம் வந்தது, போனது. அவர் எழுதிய மலையாளப் பாட்டுகளை இன்றும் பாடுகிறார்கள், கணக்கை யாரும் பாடுவதில்லை.

கமிட்டிக்காரர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஊழியர்களை அழைக்கும்போது பஸ் செலவு, ரூம், சாப்பாடு எல்லாம் பேசுகிறீர்கள். கூடவே ஒன்று கேளுங்கள்: போன தடவை நீங்கள் அடையாளம் என்று சொன்னது என்ன ஆயிற்று, இந்தத் தடவை முதல் பத்து நிமிஷம் அதைப் பற்றிப் பேசுவீர்களா என்று. மாட்டேன் என்றால் வேறு ஆளைக் கூப்பிடுங்கள். தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள் என்று எழுதிய பவுல், அடுத்த வசனத்திலேயே எல்லாவற்றையும் சோதித்துப்பாருங்கள் என்றும் எழுதினார். தெசலோனிக்கேயருக்கு அவர் எழுதின இரண்டாம் நிருபத்தில், கிறிஸ்துவின் நாள் சமீபம் என்று எங்களிடத்திலிருந்து வந்ததாய்த் தோன்றுகிற நிருபத்தைக் கண்டு கலங்காதிருங்கள் என்கிறார். அந்தக் காலத்திலேயே பார்வர்டு மெசேஜ் இருந்திருக்கிறது பாருங்கள்.

அந்த ஊழியருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பெயரை எழுதவில்லை, அத்தை வேண்டாம் என்றுவிட்டார். இந்த வருஷமும் உங்கள் கூட்டத்துக்கு வருவார், நான் தடுத்தாலும் வருவார். முன்வரிசையில் இடதுபக்கம் பச்சை ஸ்வெட்டர். நீங்கள் 2021ஐப் பற்றிப் பேசுவதானால் கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள், அவருக்கு இப்போது காது மந்தம். ஜெனரேட்டரை அந்தப் பக்கம் வைக்க வேண்டாம் என்று கமிட்டியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.