வெடிமருந்தைப் பாதியாக்கினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்ளும் அமெரிக்க வழக்கம் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தோட்டாவையும், அதன் நுனியிலிருந்து பாயும் குண்டையும் ஒன்றாகவே எழுதியிருந்ததைப் பொருட்படுத்தாமல் விடலாம். ஆனால், ஈயத்தை உருக்கி வார்த்த குண்டுக்கு வழக்கமான வெடிமருந்தையே பாதியாகக் குறைத்துப் போட்டால் போதும் என்றிருந்ததை, பென்சில்வேனியாவில் 15 ஆண்டுகளாகத் தோட்டாக்களை மறுபடி நிரப்பி வரும் என்னால் அப்படி விட இயலவில்லை.

.30-06 என்ற தோட்டா வகையைச் சுடும் ரைபிளில் செப்பு உறையிட்ட குண்டு நொடிக்கு ஏறத்தாழ 2,700 அடி வேகத்தில் பாயும். அதற்கென்றே ஐஎம்ஆர் 4350 போன்ற, மெதுவாக எரியும் மருந்துகள் உள்ளன. கடினமாக்குவதற்காக வெள்ளீயமும் ஆன்டிமனி உலோகமும் கலந்து வார்த்தாலும் ஈயக்குண்டை அந்த வேகத்தில் செலுத்தினால் குழலின் உட்புறத்துச் சுருள் பள்ளங்களில் ஈயம் அப்பிக்கொள்ளும் என்பதால், குண்டின் அடியில் செப்புத் தொப்பி பொருத்தியும்கூடப் பெரும்பாலோர் 1,800 அடியை ஒட்டியே நின்றுவிடுகிறார்கள். மெதுவாக எரியும் மருந்து சரியாக எரிய உயர்ந்த அழுத்தம் தேவை. அளவைப் பாதியாக்கினால் அந்த அழுத்தம் எழாமல், மருந்து அரைகுறையாக எரிந்து, குண்டுக்குக் குண்டு வேகம் மாறும். சில வேளை விசையை இழுத்த பின் சற்றுத் தாமதித்துச் சுடும், குண்டு குழலுக்குள்ளேயே சிக்கவும் கூடும். எச் 110 என்ற மருந்தைப் பட்டியலிட்ட அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்க வேண்டாம் என்று அதை விற்கும் ஹாட்ஜ்டன் நிறுவனமே எச்சரிக்கிறது. அதே நிறுவனம், எச் 4895 என்ற மருந்தையோ உச்ச அளவு 100 என்றால் 60 வரை இறக்கலாம் என்கிறது. ஆக, எவ்வளவு மருந்து என்பதற்கு முன் எந்த மருந்து என்று கேட்க வேண்டும்.

ஈயக்குண்டு வார்ப்பவர்கள் யூனிக், 2400, ஐஎம்ஆர் 4227, அக்யூரேட் 5744 போன்ற, விரைந்து எரியும் மருந்துகளை நாடுவது இதனால்தான். இவை குறைந்த அளவிலும் ஒரே சீராக எரியும். ஆனால் இவற்றிலும் ஓர் ஆபத்து உண்டு. யூனிக் மருந்தைச் சில கிரெயின்களே போடுகிறோம். ஒரு கிரெயின் என்பது ஏறத்தாழ 65 மில்லிகிராம், நம் குன்றிமணியில் பாதி எனலாம். அகன்ற .30-06 கூட்டின் அடியில் அது கிடப்பதே தெரியாது. தவறி இருமுறை போட்டாலும் வழியாது. சுட்டால் துப்பாக்கியே சிதறலாம். ஒருநாள் இரவு 50 கூடுகளை மரப்பலகையில் நிறுத்தி, குண்டு பொருத்தும் முன் டார்ச் அடித்துப் பார்த்தபோது, மூன்றாம் வரிசையில் ஒன்றில் மட்டும் மருந்து மேலேறி நின்றது. அன்றே ஐம்பதையும் கொட்டிவிட்டு, மறுநாள் புதிதாக மருந்தை எடை போட்டுத் தொடங்கினேன். இப்போது கூட்டுக்குள் இடத்தைக் கூடுதலாக நிரப்பும் 5744 மருந்துக்கு மாறிவிட்டேன்; விலை சற்று அதிகம்தான்.

தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு இங்குள்ள தமிழ் இளைஞர் ஒருவர், தம்மிடம் உள்ள 4350 மருந்தைப் பாதியாக்கிப் போடலாமா என்று என்னிடம் கேட்டார். மருந்து உற்பத்தியாளர் வெளியிடும் அளவுப் பட்டியலில், வார்ப்புக் குண்டுக்கென்று தனியே தரப்பட்டுள்ள தொடக்க அளவைத் தாண்டி எதையும் ஊகித்துக் குறைக்கலாகாது என்ற திருத்தத்தை, அதே ஞாயிறு இணைப்பில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பென்சில்வேனியா, அமெரிக்கா