ஈசிஎம் மாற்றும் முன் ரிலேயின் நாலு காலையும் அளந்து பார்

அன்புள்ள கண்ணுக்கு,

காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிற வண்டி, மதியம் வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் செல்ஃப் மட்டும் சுற்றுகிறது, இன்ஜின் பிடிப்பதில்லை, அரை மணி நேரம் ஆறவிட்டால் சரியாகிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். ஸ்கேனரில் பி0685 என்ற பழுதுக் குறியீடு (கோடு) வந்ததாம். அதைப் பார்த்ததும் ஈசிஎம், அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரை, மாற்றச் சொல்கிறார்களாம். அவசரப்படாதே. அந்தக் கோடு ஈசிஎம் கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. ஈசிஎம்முக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சான மெயின் ரிலேயை இயக்கும் சர்க்யூட்டில் தொடர்பு அறுகிறது என்றுதான் சொல்கிறது. அந்தச் சர்க்யூட்டில் ஈசிஎம் ஒரு முனை மட்டுமே. மற்றவை ரிலே, சாக்கெட், பியூஸ், ஒயர், எர்த் (பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி). இவை எல்லாம் நல்லவை என்று அளந்து தெரிந்த பிறகுதான் ஈசிஎம் மேல் கை வைக்க வேண்டும்.

முதலில் அது வேலை செய்யும் விதம். சதுர ரிலேயைக் கழற்றித் திருப்பினால் அடியில் நாலு காலுக்கும் (முனைக்கும்) 30, 87, 85, 86 என்று எண் போட்டிருக்கும். 85க்கும் 86க்கும் நடுவில் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள். 30க்கும் 87க்கும் நடுவில் பாயின்ட், காயில் இழுத்தால் மூடும் தொடர்பு முனை. 30க்கு பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் வரும், 86க்கும் பிளஸ் வரும். சாவியை ஆன் செய்ததும் ஈசிஎம் விழித்துக்கொண்டு 85ஐ எர்த் செய்யும். காயில் இழுக்கும், பாயின்ட் மூடும், 87 வழியாக ஈசிஎம்முக்கும் இன்ஜெக்டர்களுக்கும் சென்சார்களுக்கும் முழுக் கரண்ட் போகும். சாவியை ஆஃப் செய்த பிறகும் ஈசிஎம் சில வினாடி ரிலேயைப் பிடித்து வைத்திருந்து, தன் கணக்கையெல்லாம் சேமித்துவிட்டுத்தான் விடும். அதனால் நல்ல வண்டியில் சாவி போட்டதும் ஒரு 'டிக்', சாவி எடுத்துக் கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'டிக்' கேட்கும். பல வண்டிகளில் இப்படித்தான். சிலவற்றில் எண்ணோ ஒயரிங்கோ மாறும், உன் வண்டியின் ஒயரிங் படத்தை ஒரு முறை ஒப்பிட்டுக்கொள்.

அடுத்த முறை மதியம் மக்கர் பண்ணும்போது உடனே செல்ஃப் அடிக்காதே. சாவியை ஆனில் மட்டும் வைத்து மூன்றைக் கவனி. செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா, ரிலேயில் விரலை வைத்தால் தட்டுகிறதா, ஸ்கேனர் ஈசிஎம்மோடு பேசுகிறதா. விளக்கும் இல்லை, ஸ்கேனரும் பேசவில்லை என்றால் ஈசிஎம்முக்குக் கரண்டே போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ரிலே தட்டியும் இதே நிலை என்றால் தப்பு 30, 87 பக்கம். தட்டவே இல்லை என்றால் காயில் பக்கம்.

சாவியை எடுத்து ஒரு நிமிடம் பொறுத்து ரிலேயைக் கழற்று. காயிலை அளந்தால் 12 வோல்ட் ரிலேக்குப் பொதுவாக 70 முதல் 100 ஓம் வரை காட்டும். உள்ளே டயோடு (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுவது) இருந்தால் மீட்டர் முனையை மாற்றி வைத்தும் ஒரு முறை பார். 30க்கும் 87க்கும் நடுவில் வெளியே எடுத்த ரிலேயில் தொடர்பே இருக்கக் கூடாது. இருந்தால் பாயின்ட் ஒட்டிக்கொண்டது, ராத்திரியோடு ராத்திரியாக பேட்டரி இறங்குவது அதனால்தான். சாக்கெட்டின் பெண் முனைகளை டார்ச் அடித்துப் பார்: பச்சை பூத்திருக்கிறதா, பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருக்கிறதா, முனை விரிந்து தளர்ந்திருக்கிறதா. மீட்டர் முனையை அதற்குள் திணிக்காதே. திணித்தால் நல்ல முனையும் விரிந்து, இல்லாத பழுதை நீயே உண்டாக்கிவிடுவாய்.

அடுத்தது லோடு போட்டு, அதாவது கரண்ட் இழுக்கவைத்து அளப்பது. பலரும் தவறுவது இங்கேதான். சாக்கெட் 30ல் மீட்டர் 12.4 வோல்ட் காட்டினால் நல்லது என்று விட்டுவிடுவார்கள். ஒற்றை இழையில் தொங்கும் ஒயர்கூட மீட்டருக்கு 12.4 காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்டே இழுப்பதில்லை. 30க்கும் பாடிக்கும் நடுவில் 21 வாட் பல்பு ஒன்றைக் கோர்த்துப் பார். அது ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். பளிச்சென்று எரிந்தால் அந்த வழி தேவலை. மங்கினால் பியூஸ் இருக்கையிலோ பேட்டரி முனையிலோ பிடிப்பு போயிருக்கிறது. இந்தப் பல்பை 85ல் மட்டும் வைத்துவிடாதே. 85ஐ எர்த் செய்ய ஈசிஎம்முக்குள் சுவிட்சாக இருக்கும் டிரான்சிஸ்டர் காயிலின் சின்னக் கரண்டுக்கு அமைந்தது, 1.75 ஆம்பியரைத் தாங்காது.

காயில் பக்கத்துக்கு 100 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று வாங்கிக்கொள். 85, 86 இரண்டுக்கும் நடுவில் வைத்து, சாவி ஆன் செய்து, அதன் இரு முனையிலும் வோல்ட் அளந்து பார். பேட்டரியை ஒட்டி 11, 12 வந்தால் காயில் சர்க்யூட் நல்லது. சூடேறும், அளந்ததும் எடுத்துவிடு.

அங்கே 9 சொச்சம் காட்டினால் உன் மதிய நேரத் தொல்லைக்குக் காரணம் கிடைத்தது. கணக்கைப் பார். காயில் குளிர்ச்சியில் 85 ஓம், 8 வோல்ட்டில் இழுக்கிற ரிலே என்று வை. அதற்கு 94 மில்லி ஆம்பியர் வேண்டும். வழியில் எங்கோ களிம்பு பிடித்த ஒரு முனை 30 ஓம் தடுக்கிறது. காலையில் 12 வோல்ட்டை 115 ஓமால் வகுத்தால் 104 மில்லி ஆம்பியர், ரிலே இழுத்துவிடும். மதியம் பானெட்டுக்குள் அதே காயில் 60 டிகிரி கூடச் சூடானால் செம்பின் தடை கூடி 105 ஓம் ஆகிவிடும். 12ஐ 135ஆல் வகுத்தால் 89. ஐந்து மில்லி ஆம்பியர் குறைந்ததால் வண்டி நின்றுவிடுகிறது. ரிலே நல்லது, ஈசிஎம் நல்லது, கெட்டது ஒரு முனை. புது ஈசிஎம் போட்டிருந்தாலும் மறுநாள் மதியம் இதே கதைதான்.

அந்த முனையைப் பிடிக்க ரிலேயை மாட்டி, சாவி ஆன் வைத்து, கப்ளரின் (ஒயர்கள் வந்து சேரும் பிளாஸ்டிக் செருகியின்) பின்பக்கத்தில் மெல்லிய ஊசி வைத்து அள. பேட்டரி பிளஸ்ஸுக்கும் 86க்கும் நடுவில் 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 85க்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் டிரான்சிஸ்டரின் பங்கு சேர்த்து ஒரு வோல்ட்டுக்குள் வரும். 3 வோல்ட் வந்தால் ஈசிஎம் கப்ளரில் அதே ஒயரை அளந்து பார். அங்கே குறைந்தால் நடு ஒயரில் பழுது. அங்கேயும் 3 என்றால் ஈசிஎம்மின் எர்த் முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் அள. 0.1க்கு மேல் போனால் எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்டும் துருவும் போகச் சுரண்டி இறுக்கு. ஈசிஎம்முக்கு வர வேண்டிய கரண்ட், எர்த், ஒயர் எல்லாம் சரியாக இருந்து, அது 85ஐ எர்த் செய்யவே இல்லை என்றால் மட்டும் ஈசிஎம்மைக் குற்றம் சொல்லலாம்.

பாயின்ட் பக்கத்தை இன்ஜின் ஓடும்போது 30க்கும் 87க்கும் நடுவில் அள. 0.2க்குள் இருந்தால் நல்லது, ஒரு வோல்ட் வந்தால் பாயின்ட் கருகியிருக்கிறது. பி0688 முதல் பி0690 வரை உள்ள கோடுகள் இந்தப் பக்கத்தைப் பற்றியவை. 1990களின் ஹோண்டா கார்களில் டாஷ்போர்டுக்குள் இருந்த மெயின் ரிலே சால்டர் (ஈய ஒட்டு) விரிசல் விட்டு, வண்டி சூடானால் ஸ்டார்ட் ஆகாமல் போவது பெயர் பெற்ற பழுது. உன் ரிலேயிலும் உள்ளே போர்டு இருந்தால் சால்டரை லென்ஸ் வைத்துப் பார்.

புது ரிலே போட்டால் பழையதுக்கு நேர் இணையாகப் போடு. கால் பொருந்துகிறதே என்று வாங்காதே. பழையதில் காயிலோடு டயோடோ ரெசிஸ்டரோ இருந்து, புதியதில் இல்லையென்றால், காயில் விடும்போது எழும் மின் உதை டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடலாம். டயோடு உள்ளதைத் தலைகீழாகப் போட்டாலும் ஷார்ட்.

சாக்கெட்டில் 30க்கும் 87க்கும் 20 ஆம்பியர் பியூஸ் வைத்த ஒயரைக் கோர்த்தால் வண்டி ஸ்டார்ட் ஆகலாம். தப்பு காயில் பக்கத்திலோ ரிலேயின் பாயின்ட்டிலோ என்று காட்ட அது போதும், அதோடு கழற்றிவிடு. அப்படியே வைத்து ஓட்டாதே, சாவி எடுத்தாலும் கரண்ட் நிற்காது.

சரிசெய்த பிறகு ரிலே மேல் ஹேர் டிரையர் சூட்டை ஐந்து நிமிடம் காட்டி, உடனே சாவி போட்டு டிக் கேட்கிறதா பார். நாளைக்கு ரெசிஸ்டர் முனையில் வந்த வோல்ட், 86 பக்க இழப்பு, 85 பக்க இழப்பு, ஈசிஎம் எர்த் இழப்பு, இந்த நாலையும் வண்டி சூடாக இருக்கும்போது அளந்து எழுதி அனுப்பு. அதுவரை யாரையும் ஈசிஎம் கப்ளரைக் கழற்ற விடாதே.

அன்புடன்,
அப்பா