மாடியில் இன்னொரு வீடு: நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். வீடுகளுக்குப் பிளான் போட்டுக் கொடுக்கும் நம் மதுரை அலுவலகத்தைப் பற்றிச் சில வாரங்களாக ஒரு பேச்சு சிம்மக்கல்லில் கிளம்பிச் செல்லூர் வரை போயிருக்கிறது. "பணத்தை வாங்கிக்கொள்கிறார்கள், பிறகு பிளானில் கையெழுத்துப் போட மாட்டோம் என்கிறார்கள்" என்பதுதான் அது. வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றுவதாக, என் தந்தை காலத்திலிருந்து நம்மிடம் வரும் குடும்பத்தார் வருத்தத்தோடு சொன்னார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். ஆவணி மூல வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று குடித்தனங்கள் இருக்கும் வீடு. மொட்டை மாடியில் நான்காவதாக ஒரு வீடு எடுத்து வாடகைக்கு விட வேண்டும் என்று உரிமையாளர் கேட்டார். நேரில் போய் டேப் பிடித்து அளந்தோம். தெரு மட்டத்திலிருந்து மொட்டை மாடித் தளம் வரை 23 அடி. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் எந்தக் கட்டடமும் 9 மீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்த கட்டுப்பாடு. 9 மீட்டர் என்றால் இருபத்தொன்பதரை அடி. மிச்சம் ஆறரை அடி. அதில் ஒரு வீட்டுக்குத் தளம் போட முடியாது. இதை அன்றே, அந்த மாடியில் நின்றபடியே சொல்லிவிட்டோம்.

அதன் பிறகு அவர் கேட்டது வேறு. "சாமான் அறை என்று வரைந்து கொடுங்கள், கட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். கைப்பிடிச் சுவரில் அடுப்பு மேடைக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் கரித்துண்டால் கோடு இழுத்திருந்தது. குளியலறை வரும் மூலைக்கு அடையாளமாகச் செங்கல் வைத்திருந்தது. அதையெல்லாம் கண்ணால் பார்த்துவிட்டு, சாமான் அறை என்று எழுதி என் கையெழுத்தை எப்படிப் போடுவேன்? நாளைக்கு அதிகாரிகள் வந்தால், 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகளின்படி வேலையை நிறுத்தலாம், பூட்டி முத்திரை வைக்கலாம், இடிக்கவும் சொல்லலாம். அன்றைக்கு அந்த வீட்டில் குடியிருக்கும் குடும்பம் பாத்திரம் பண்டத்தோடு தெருவில் நிற்கும்.

"அபராதம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம்", அதாவது அனுமதியில்லாமல் கட்டியதைப் பிறகு சட்டப்படியாக்கிக்கொள்ளலாம் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் 113-சி பிரிவு 1.7.2007க்கு முன் கட்டியவற்றுக்கானது. இன்று எழுப்பும் சுவருக்கு அது உதவாது. 2024 டிசம்பர் 17ஆம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும், காலம் கடந்துவிட்டது, பணம் செலவாகிவிட்டது என்பவற்றைக் காட்டி அனுமதியற்ற கட்டடத்தைக் காப்பாற்ற முடியாது என்று சொல்லிவிட்டது. அவர் கொடுத்த பணம் அளப்பதற்கும் பத்திரங்களைப் பார்ப்பதற்கும். ரசீதிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. கையெழுத்துக்கு நாங்கள் விலை வைத்ததில்லை.

இதனால் "அவர்களிடம் போனால் மாடியே எடுக்க முடியாது" என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். புதூர், விளாங்குடி, திருநகர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் கோயிலைச் சுற்றிய அந்த உயர வரம்பு இல்லை. பக்க இடைவெளி, வாகனம் நிறுத்த இடம், மனைப்பரப்பைப் போல் இரண்டு மடங்குக்குள் மொத்தத் தளப்பரப்பு, இவை சரியாக இருந்தால் இன்னொரு வீடு தாராளமாக வரும். பழைய செங்கல் சுவர் அதைத் தாங்குமா என்பதை மட்டும் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்தே ஆக வேண்டும்.

இரண்டு அறிவிப்புகளைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். கட்டுபவரே விவரங்களுக்குச் சான்றளித்துப் பெறும் சுயசான்று அனுமதி 2024இல் வந்தது. அது 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமும் கட்டுவோருக்கு என்று அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பில் இரண்டாவது மாடிக்கு இடமில்லை. அதே ஆண்டில், 14 மீட்டர் உயரம், 8 குடியிருப்பு, 750 சதுர மீட்டர் என்ற அளவுகளுக்குள் அடங்கும் வீடுகளுக்குக் கட்டட நிறைவுச் சான்று தேவையில்லை என்றார்கள். விலக்கு அந்தச் சான்றுக்குத்தான். கட்டட அனுமதி வாங்காமலே கட்டலாம் என்று அதற்குப் பொருளில்லை.

என் அனுபவத்தில் அளவுகளைவிடப் பெரிய தடை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பாகம் பிரியாத சொத்தில் தம்பி மாடி எடுக்க வேண்டுமென்றால் அண்ணனும் அக்காவும் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும். "அக்கா ஒன்றும் சொல்ல மாட்டாள்" என்ற வாய்வார்த்தையை வைத்து மனு போட முடியாது. அடுக்குமாடியில் மேல்தளம் வாங்கியவர் மொட்டை மாடியும் தன்னுடையது என்று எண்ணுகிறார். மனையைப் பிரிபடாத பாகமாக, அதாவது பொது மனையில் ஆளுக்கொரு பங்காக எழுதிக்கொண்டவர்களுக்கு, பத்திரம் வேறு சொல்லாதவரை, அது பொது இடம். கீழே குடியிருப்பவர்களிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும். புதிதாக வரும் வீட்டுக்கும் அது பொருந்தும். வேலை முடிந்ததும் சொத்து வரியைத் திருத்திக்கொள்ளுங்கள், தனி மின் இணைப்புக்கும் மனு கொடுங்கள்.

இந்தப் பேச்சைக் கேட்ட பிறகும் நேரே வந்து, "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேட்டவர்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. தாத்தா வீட்டுக்கு நம்மிடம் பிளான் போட்டு, பேரனுக்கும் நம்மிடமே வருகிறீர்கள். அந்த நம்பிக்கைக்கு ஈடாக எதைக் கொடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்குப் பழக்கமான நம் மூத்த வரைவாளர் ஆடியோடு விடைபெற்றுக் கோவைக்குப் போய்விட்டார். புதியவர் தேறும் வரை வரைபடம் கைக்கு வரச் சற்றுக் கூடுதல் நாளாகும். அளவை, ஆவண ஆய்வுக் கட்டணம் ஐப்பசி முதல் 2,500 ரூபாயிலிருந்து 4,000 ரூபாயாகிறது, திருப்பித் தர இயலாது.

வரும்போது மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, கடைசியாகக் கட்டிய வரி ரசீது, முன்பு அனுமதி வாங்கிய பழைய பிளான் ஆகியவற்றை எடுத்து வாருங்கள். பழைய பிளான் கிடைக்கவில்லை என்றாலும் வாருங்கள், நகல் பெற மனு எழுதித் தருகிறோம். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
உரிமையாளர்,
சிம்மக்கல் அலுவலகம், மதுரை