மலாக்காவில் இரண்டு இரவு

பகாவ்,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

அன்புள்ள மகனுக்கு,

தொலைபேசியில் பேசினால் "சரி அப்பா, சரி அப்பா" என்பாய். பிறகு குடிநுழைவில் வரிசை நகர்கிறது என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

செய்தி இதுதான். பள்ளி விடுமுறையின் கடைசி வெள்ளி, சனி இரண்டு இரவுக்கும் மலாக்காவில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். உனக்கும் மருமகளுக்கும். பணம் கட்டியாகிவிட்டது. போகாவிட்டால் ஒரு காசுகூடத் திரும்பாதாம். பக்கத்து வீட்டுப் பையன் கணினியில் படித்துக் காட்டினான். ஆகவே போய்த்தான் ஆக வேண்டும். நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளாதே. தங்கை குடும்பத்தையும் அழைக்காதே, அவள் கோபித்துக்கொண்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு பேர் மட்டும்.

நேரமில்லை என்று சொல்லாதே. அந்தக் காரணம் போய்விட்டது. மருமகள் பள்ளிக்கூடம் இருக்கும் ஜொகூரில் 2014 முதல் வெள்ளியும் சனியும் விடுமுறை, உனக்கோ சிங்கப்பூரில் சனியும் ஞாயிறும். இருவருக்கும் பொதுவாகக் கிடைத்தது ஒரே ஒரு சனிக்கிழமை. அதில் பாதியை நீ தூங்கிக் கழித்தாய், மீதியை அவள் பயிற்சிப் புத்தகம் திருத்திக் கழித்தாள். 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஜொகூரும் சனி, ஞாயிறுக்கு மாறியது. அந்தச் செய்தியைப் படித்த அன்று உன் அம்மா சாமி விளக்கில் இன்னொரு திரி போட்டாள். மாறி என்ன ஆனது? இப்போது சனிக்கிழமையும் கூடுதல் நேர வேலைக்குப் போகிறாய். யார் சொன்னது என்று கேட்காதே. நீயேதான் சொன்னாய், அதுவும் பெருமையாக.

பெருமை எங்களுக்கும் இருக்கிறது. தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது விடிகாலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகிறவர்கள் எழுவதற்கும் முன்னால் எழுந்து, சிங்கப்பூர்ப் பாலம் தாண்டிப் போகிறாய், உன் கீழே இத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதை நான் சந்தையில் யாரிடம் சொல்லாமல் இருந்தேன்? ஆனால் செக்ரோல், அதாவது தோட்டத்து வருகைப் பதிவேடு, எழுதிய கண் எனக்கு. யார் பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கும். உன் வீட்டுச் செக்ரோலில் உன் பெயருக்கு நேரே காலிக் கட்டம்தான் அதிகம். ஜொகூர் பாருவில் புக்கிட் சாகார் ரயில் வரட்டும் அப்பா, சிங்கப்பூர் உட்லண்ட்ஸுக்கு ஐந்து நிமிடம்தான், எல்லாம் சரியாகிவிடும் என்கிறாய். அந்த ரயில் மிச்சம் பிடித்துக் கொடுக்கும் நேரத்தையும் நீ கூடுதல் வேலைக்கே கொடுப்பாய் என்று எனக்குத் தோன்றுகிறது.

போகும் வழி சொல்கிறேன். நீ நேராக மலாக்கா போய் உட்கார்ந்துகொண்டு, அவளைச் சிகாமட்டிலிருந்து பஸ்ஸில் வரச் சொல்லாதே. வெள்ளிக்கிழமை விடுப்பு எடு. யோங் பெங்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, லாபிஸ் வழியாகச் சிகாமட் போ. நீயே போய் அழைத்துக்கொள். சம்பந்தி வீட்டில் உட்கார்ந்து சாப்பிடு, கையில் பழம் வாங்கிப் போ. வாசலில் காரை நிறுத்தாமல் ஹார்ன் அடிக்கும் பழக்கத்தை அன்று ஒரு நாள் விட்டுவிடு. பிறகு ஜெமெந்தா, தங்காக், அங்கிருந்து நெடுஞ்சாலையில் ஆயர் குரோ. சுற்றுவழிதான், சுற்றட்டும். காரில் பாட்டை அலறவிடாதே.

மலாக்கா என்றால் உங்களுக்கு ஜோங்கர் தெரு இரவுச் சந்தைதான். வார இறுதி இரவுகளில் மட்டும் நடப்பது, அதுவும் பள்ளி விடுமுறை, தோள் இடிபடாமல் நடக்க முடியாது. போகாதே என்று சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமை விடிந்ததும், பசியாறுவதற்கு முன்பே, அந்தத் தெருக்களில் ஒரு முறை நடந்து பாருங்கள். துக்காங் எமாஸ் சாலையில் பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. மலாக்கா செட்டிகள் 1781இல் எழுப்பியது, இந்த நாட்டின் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. சற்று நடந்தால் 1748இல் எழும்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசல். அதையும் தாண்டினால் செங் ஹூன் தெங் சீனக் கோயில், அது இரண்டையும்விட மூத்தது. விநாயகருக்கு ஓர் அர்ச்சனை செய்யுங்கள், இரண்டு பேர் பெயரையும் சொல்லி.

அந்தக் கோயிலுக்கு நானும் அம்மாவும் மாசி மகத்துக்குப் போவோம். தோட்டமே வாடகை பஸ் பிடித்துக் கிளம்பும். தேர் அங்கிருந்து செங் என்ற ஊரிலுள்ள சன்னாசிமலைக் கோயிலுக்குப் போகும்போது கூட்டத்தில் அவள் ஒரு பக்கம், நான் காவடிக்காரர்களோடு ஒரு பக்கம். இரண்டு பேர் மட்டுமாக நாங்கள் எங்கும் போனதில்லை. போனால் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், சிரிப்பார்கள். உங்களைப் பார்த்து யார் சிரிக்கப் போகிறார்கள்?

காஜா பெராங்கில் செட்டிக் கிராமத்துக்கு அவளைக் கட்டாயம் அழைத்துப் போ. வரலாறு சொல்லிக்கொடுக்கும் பிள்ளை, அவளுக்குப் பிடிக்கும். சுல்தான்கள் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். இங்கேயே பெண்ணெடுத்து இங்கேயே நின்றுவிட்டார்கள். வீட்டில் பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது கெபாயா என்ற மலாய்ச் சட்டை, கும்பிடுவது மாரியம்மனை. பொங்கலுக்கு முதல் நாள் முன்னோர்களுக்கு வாழை இலையில் படைக்கிறார்கள், அதற்குப் பார்ச்சு என்று பெயர். தமிழ் தெரியாதவர்கள் என்று நம் ஆட்களே அவர்களைக் கேலி செய்வதைக் கேட்டிருக்கிறேன். ஐந்நூறு ஆண்டுகளாகத் திருநீற்றை விடாதவர்களைக் கேலி செய்ய நமக்கு என்ன தகுதி இருக்கிறதோ.

நம் பிழைப்புக்கு மூலமும் அந்த ஊர்தான். தான் சே யான் என்ற மலாக்காச் சீனர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் போட்டார். மலாயாவில் வியாபாரத்துக்கென்று போட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அது. அவர் போடாமல் இருந்திருந்தால் உன் கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியிருப்பாரோ என்னவோ. இன்று நம் பக்கம் எங்கு பார்த்தாலும் செம்பனை, அது வேறு கதை.

குன்றின் மேல் பவுல் தேவாலயம் இருக்கிறது. போர்ச்சுகீசியர் 1511இல் ஊரைப் பிடித்துப் பத்து வருடம் கழித்து எழுப்பியது, இப்போது கூரையில்லாத சுவர்கள்தான். நம் முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே ஊழியம் செய்த பிரான்சிஸ் சவேரியாரின் உடலைக் கோவாவுக்குக் கொண்டுபோகும் முன் 1553இல் அங்கேதான் வைத்திருந்தார்கள். ஏறப் படிகள் உண்டு. அவளுக்கு மூச்சு வாங்கும். நீ விறுவிறுவென்று மேலே போய் நின்றுகொண்டு "வா, வா" என்று கூப்பிடாதே. பத்துமலையில் நீ அப்படிச் செய்ததையும், அந்தப் பிள்ளை பாதிப் படியில் நின்று தண்ணீர் குடித்ததையும் பார்த்தேன். அன்றே சொல்லியிருப்பேன், சம்பந்தி பக்கத்தில் இருந்தார்.

பொம்மையும் பூவும் வைத்து, காது கிழியப் பாட்டுப் போட்டு வரும் மூன்று சக்கர வண்டியில் ஏறினால் விலையை முதலில் பேசிக்கொள். எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. அதைவிட மாலையில் ஆற்றுப் படகில் ஏறுங்கள். முக்கால் மணி நேரம் போகும். நடுவில் இறங்கிவிட முடியாது என்பதே அதில் நல்ல விஷயம். கைத்தொலைபேசியை அறையிலேயே வைத்துவிட்டுப் போ. பேச வேண்டியதைப் பேசு. அவள் பேசினால் குறுக்கே பேசாதே. நீ குறுக்கே பேசுவாய்.

இன்னொன்று. போன வெள்ளிக்கிழமை கோயிலில் நம் பழைய தலைமையாசிரியர் என்னிடம் ஒன்று கேட்டார். நல்ல செய்தி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் எல்லாம் தெரிந்தவன்போல "ஆமாம் சார்" என்று சொல்லிவிட்டேன். என்ன கேட்டார் என்று இங்கே எழுதப் போவதில்லை. உனக்குத் தெரிந்திருக்கும். தெரியாது என்றால் அது இன்னும் மோசம். ஆசிரியர்கள் கொடுத்த மனுவைத் திரும்பப் பெற முடியுமா என்று பொதுவாகக் கேட்டுவைத்தேன். உத்தரவு வருவதற்கு முன் என்றால் முடியுமாம். இது ஒரு பேச்சுக்கு. அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. மருமகளுக்கென்று மாங்காய் ஊறுகாய் போட்டுப் பாட்டிலில் அடைத்து வைத்திருக்கிறாள், விடுமுறையில் ஏன் இந்தப் பக்கம் வரவில்லை என்று தினமும் கேட்கிறாள். அவளுடைய அம்மாவுக்கு முட்டி வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் முட்டி வலி என்றே சொல்.

எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ரம்புத்தான் காய்த்திருக்கிறது, குரங்குத் தொல்லை. வேறு செய்தி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது தம்பின் வழியாக இங்கே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். இரண்டு பேரும் வந்தால். நீ மட்டும் என்றால் வேண்டாம், வழியில் எங்காவது சாப்பிட்டுக்கொள்.

அப்பா

பி.கு. அறை உன் பெயரில் இல்லை, மருமகள் பெயரில் எடுத்திருக்கிறேன். அவளுடைய அடையாள அட்டையைக் காட்டினால்தான் சாவி தருவார்கள்.