பட்டடையைப் பிடித்தவளுக்கு

அன்பு மகளுக்கு,

இங்கே டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் நீ வாங்கிய பழைய மாரிஸ் மைனர் காரின் ஹூட்டுக்கு, அதாவது மடங்கும் துணிக்கூரைக்கு, உள்ளே துளையுள்ள குழல் ரிவெட் அடிப்பது எப்படி என்று தைப்பூசத்தன்று தொலைபேசியில் கேட்டாய். இப்போது ஆடி பிறந்துவிட்டது. இரண்டு டசன் ரிவெட்டுகளும், ரிவெட்டின் வாயை மடக்க அதன்மேல் வைத்துத் தட்டும் செட் என்ற கருவியும், தாத்தாவின் சிறு பட்டடையும் வைத்து நான் அனுப்பிய பெட்டி, அந்த விலாசத்தில் யாரும் இல்லை என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. தபால்காரரின் தவறாகத்தான் இருக்கும். ஆகையால் இம்முறை எல்லாவற்றையும் சின்னம்மாவிடமே கொடுத்தனுப்புகிறேன்.

ரிவெட்டின் நீளத்தை முதலில் பார். ஹூட்டின் துணி நாடா, அதைத் தாங்கும் சட்டத்தின் இரும்புப் பட்டை, வாஷர் மூன்றையும் ஒன்றாக இறுக்கிப் பிடித்தபின், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழல், தண்டின் குறுக்களவில் பாதிக்குச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். 4 மில்லிமீட்டர் தண்டென்றால் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர். குறைந்தால் விளிம்பு மடங்காது, மிகுந்தால் மடங்குவதற்குப் பதிலாகப் பிளந்துவிடும். நாடாவில் துளைபோட டிரில்லைக் கொண்டுபோகாதே. அது நூலைச் சுற்றி இழுத்து நாடாவையே அலங்கோலமாக்கிவிடும். கூரான ஊசியால் நூல்களை விலக்கி வழி செய்தால் போதும். அந்தத் துணிக்கூரை வண்டியை 1969க்குப் பிறகு கம்பெனிக்காரர்கள் செய்யவில்லை என்பதால், சட்டத்தின் துளையையும் பெரிதாக்கிவிடாதே.

ரிவெட்டின் தலை பட்டடையின் குழியில் சரியாக உட்கார வேண்டும். செட்டின் நடுவிலுள்ள சிறு முனை குழலுக்குள் இறங்கும். அதைச் சுற்றியுள்ள வளைந்த பள்ளந்தான் விளிம்பை வெளிப்பக்கமாகச் சுருட்டி வாஷரின் மேல் படுக்கவைக்கும். ஒரே அடியில் முடித்துவிட நினையாமல், செட்டை நேராகப் பிடித்து, மெதுவாக மூன்று நான்கு முறை தட்டு. சட்டம் மடங்கும் மூட்டுகளில் மட்டும், அடிக்கும்போது இடையில் ஒரு மெல்லிய தகட்டை வைத்துப் பிறகு உருவிவிடு. இல்லாவிட்டால் மூட்டு இறுகிப்போய் ஹூட் மடங்காது. பித்தளை கடினமாக இருந்தால் மங்கலாகச் சிவக்கும் வரை சுட்டு ஆறவிடு. நீளத்தை மறுபடியும் பார்த்துக்கொள். தனியாகச் செய்யாதே, பட்டடையைப் பிடிக்க ஒரு கை வேண்டும். அங்கே யார் பிடிப்பார்கள் என்று நான் கேட்கவில்லை.

இங்கே என் நண்பர்களிடமெல்லாம், என் மகள் தன் கையாலேயே ஹூட் கட்டுகிறாள் என்று சொல்லித் திரிகிறேன். ஆறு மாதமாக அப்பாவுக்கு ஒரு வரி எழுத நேரமில்லாதவள் என்பதை மட்டும் சொல்வதில்லை.

போன மாதம் தாத்தாவின் வண்டியின் ஹூட்டைக் கழற்றினேன். நீ எட்டாம் வகுப்பில் இருந்தபோது, பெரிய வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில், ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் காற்று தூக்கி, இடப்பக்க நாடா இரண்டும் பிய்த்துக்கொண்டதே, அதன்பிறகு நான் தொடாத பக்கம் அது. நீ பட்டடையை ஆட்டிவிட்டாய் என்று, கோயில் வாசலில் உன் பெரியப்பாக்களுக்கு முன்னால், இது பெண்பிள்ளைக்கு ஆகிற வேலையா என்று கேட்டேன். நீ அதற்குப் பிறகு என் கொட்டகைக்கு வரவில்லை. இப்போது பார்த்தால், மிச்சமிருந்த ரிவெட்டுகள் எல்லாமே பூவிதழ் போல ஐந்தாறு கீற்றாகப் பிளந்து, அந்தக் கூர்முனைகளே நாடாவை அறுத்திருக்கின்றன. டப்பாவில் கிடந்த அதே வகை ரிவெட் ஒன்றை அந்தத் துளையில் நுழைத்து அளந்தேன். 5 மில்லிமீட்டர் வெளியே நின்றது. நீளம் கூடியதை வாங்கியவன் நான். செட் இல்லாமல் உருண்டை முனைச் சுத்தியலால் அடித்தவனும் நான். வாஷர்கூடப் போடவில்லை. உன் கை ஆடவே இல்லை, அம்மா.

பிளந்த ரிவெட்டுகளில் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். நாடா, பட்டை, வாஷர் மூன்றின் மொத்தக் கனத்தையும் துளையின் அளவையும் அளந்து எழுது. இந்த இரண்டு டசன் பொருந்தாவிட்டால் சரியான நீளத்தில் வேறு வாங்கி அனுப்புகிறேன். எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்பதையும் அதிலேயே எழுதிவிடு.

அன்புடன்,
அப்பா