பிள்ளைக்குப் பாடு, மக்ளே

நாகர்கோவில்

அன்புள்ள மக்ளே,

பிள்ளைக்கு நாலு மாதம் முடிந்துவிட்டது, பாட்டுப் போட எந்த ஸ்பீக்கர் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். ஸ்பீக்கரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில், பிள்ளையின் அப்பாவான நீ பாடு. பாட வராது என்று சொல்லாதே. இந்த வயதில் சுருதி பிசகினால் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. அதற்குத் தெரிந்த குரல் வேண்டும், பக்கத்தில் முகம் வேண்டும், நடுநடுவே தான் பதில் சொல்ல இடம் வேண்டும். இந்த மூன்றும் கடையில் விற்கிற எதிலும் கிடையாது.

வயிற்றில் ஆறேழு மாதம் ஆகும்போதே பிள்ளைக்குக் காது கேட்கத் தொடங்கிவிடும். பிறந்து மூன்று நாளுக்குள்ளேயே அம்மாவின் குரலை வேறு பெண்ணின் குரலிலிருந்து பிரித்தறியும் என்று 1980-லேயே ஆய்வில் காட்டிவிட்டார்கள். அப்பாவின் குரலை வெளியே வந்த பிறகுதான் பழக வேண்டும். அதனால்தான் இதை மருமகளுக்கு எழுதாமல் உனக்கு எழுதுகிறேன்.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, முழங்காலை மடக்கி, தொடைமேல் பிள்ளையை உன் முகம் பார்க்கச் சாய்த்து வை. ஒரு முழத்துக்குள் இருக்கட்டும். பேசுகிற வேகத்தைவிட மெதுவாக, கொஞ்சம் மேல் குரலில் பாடு. ஒரு வரி முடிந்ததும் நிறுத்து. மனதுக்குள் ஐந்துவரை எண்ணு. அதற்குள் பிள்ளை காலை உதைக்கும், கண்ணை விரிக்கும், இல்லையென்றால் 'ஊ' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அதுதான் பதில். அந்தச் சத்தத்தையே நீயும் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போ. நிறைய பேர் இந்த ஐந்து எண்ணிக்கைக்குப் பொறுக்காமல், பிள்ளை வாயைத் திறக்கும் முன்னே அடுத்த வரியைத் தொடங்கிவிடுவார்கள். பிறகு அது பார்த்துக்கொண்டிருக்குமே தவிர, பதில் சொல்லாது.

முகத்தைத் திருப்புவது, கொட்டாவி விடுவது, விரல்களை விரித்து முறுக்குவது, விக்கல் எடுப்பது எல்லாம் 'போதும்' என்பதற்கு அடையாளம். உடனே நிறுத்திவிடு. இன்னும் சத்தமாகப் பாடி அதன் முகத்தைத் திருப்பப் பார்த்தால் அழுகையில்தான் முடியும். இந்த வயதுக்கு மூன்று நாலு நிமிடமே நல்ல கச்சேரி. ஒரு நாளில் அப்படிப் பலமுறை பாடலாம்.

புதுப் பாட்டு தேடி அலையவும் வேண்டாம். குளிப்பாட்ட ஒன்று, துணி மாற்ற ஒன்று, உறங்க ஒன்று என்று மூன்று போதும். மெட்டை மாற்றாமல் வார்த்தையை மட்டும் நீயே போட்டுக்கொள். குளிக்கும்போது 'காலுக்கு வருது தண்ணி, கைக்கு வருது தண்ணி' என்று பாடினாலே பாட்டுத்தான். ஆனால் தண்ணீர் படுவதற்கு முன்னால் அந்த உறுப்பின் பெயர் வந்துவிட வேண்டும். கொஞ்ச நாளில் 'தலைக்கு வருது' என்றதுமே பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு தயாராகும். அடுத்து என்ன வரும் என்று தெரிந்த பிள்ளைக்குப் பயம் குறைவு, அழுகையும் குறைவு.

மொஸார்ட் போட்டால் மூளை வளரும் என்று உன் நண்பர் சொன்னாராம். 1993-இல் நடந்த அந்த ஆய்வில் இருந்தவர்கள் கல்லூரி மாணவர்கள். பத்து நிமிடம் இசை கேட்ட பிறகு ஒரு வகைத் தேர்வில் கொஞ்சம் கூடுதலாகச் செய்தார்கள், கால் மணி நேரத்துக்குள் அந்தப் பலனும் போய்விட்டது. கைப்பிள்ளைகளை வைத்துச் செய்த சோதனையே இல்லை அது. உனக்குப் பிடித்தால் நீ கேள், பிள்ளையின் பெயரைச் சொல்லிப் போட வேண்டாம்.

எந்த மாதத்தில் என்ன விளையாட்டு என்பதற்கு நம்மிடமே நல்ல கணக்கு இருக்கிறது. பிள்ளைத்தமிழில் பருவம் பிரித்திருப்பதைப் பார். ஐந்தாம் மாதம் செங்கீரை: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கையை ஊன்றித் தலையைத் தூக்கி ஆடுகிற பருவம். ஒன்பதாம் மாதம் சப்பாணி: கை கொட்டுகிற பருவம். மற்றப் பருவங்களின் மாதக் கணக்கில் நூலுக்கு நூல் கொஞ்சம் வேறுபாடு உண்டு, ஆனால் உடம்பு வளர்கிற வரிசையைப் பாட்டாகக் கட்டினவர்கள் பிள்ளையை நன்றாகப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள். இன்றைய குழந்தை மருத்துவரும் கை தட்டுவதை ஏறக்குறைய ஒன்பதாம் மாதத்தில்தான் எதிர்பார்க்கிறார். அதனால் இப்போதே கையைப் பிடித்துத் தட்டிக்கொண்டிருக்காதே. இந்த மாதமும் அடுத்த மாதமும் பகலில் விழித்திருக்கும்போது குப்புறப் போட்டு, நீயும் எதிரே தரையில் குப்புறப் படுத்துப் பாடு. உன் முகம் பார்க்கத் தலையைத் தூக்கும். கழுத்துக்கும் தோளுக்கும் அதைவிட நல்ல பயிற்சி இல்லை. தலை கீழே விழுந்து சிணுங்கினால் புரட்டிவிடு. உட்காரப் பழகியதும் சாய்ந்தாடம்மா, பிறகு சப்பாணி, கைவீசம்மா.

ஆறு மாதத்துக்கு மேல் பருப்பு கடையும் விளையாட்டைத் தொடங்கு. உன் முழங்கையை அதன் உள்ளங்கையில் வைத்துக் கடைந்து, ஒவ்வொரு விரலையும் மடக்கி ஒரு வாய் ஊட்டி, கடைசியில் நண்டும் நரியுமாக உன் விரல்கள் மணிக்கட்டிலிருந்து மேலே ஏறும். முழங்கை மடிப்பில் நிறுத்திவிடு. சத்தம் கொடுக்காதே, விரலையும் அசைக்காதே. பிள்ளை உன் விரலைப் பார்க்கும், உன் முகத்தைப் பார்க்கும், திரும்ப விரலைப் பார்க்கும், தோளைக் குறுக்கிக்கொள்ளும். அப்போது அக்குளுக்கு ஏறு. கிச்சுக்கிச்சு மூட்டுவது அரை நொடி, அதற்குக் காத்திருந்ததுதான் விளையாட்டு. மறுநாள் நீ நிறுத்தின இடத்தில் அது தானே கையை நீட்டித் தரும். ஒன்றரை வயதில் இதே உத்தி பேச்சுக்கு உதவும். தெரிந்த பாட்டின் வரியில் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் விட்டுவிட்டுக் காத்திரு. பாதி வார்த்தையாவது வரும். வந்ததைத் திருத்தாமல், சரியான வார்த்தையை நீ ஒருமுறை பாடிவிட்டு மேலே போ.

மூன்று வயதில் சேர்ந்து பாடத் தொடங்கும்போது மட்டும் சுருதியைக் கவனி. ஹார்மோனியத்தின் நடு ஸ்தாயியில் 2-ஆம் வெள்ளைக் கட்டையிலிருந்து 6-ஆம் வெள்ளைக் கட்டை வரைக்கும்தான் அந்த வயதுக் குரல் வசதியாக ஏறி இறங்கும். ஆண்குரல் அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இருப்பதால் பிடிக்கத் தெரியாமல், பிள்ளை பாடாமல் வெறுமனே வார்த்தையைச் சொல்லும். அப்போது முதல் வரியை மருமகள் எடுத்துக் கொடுக்கட்டும். தாளமும் அப்படித்தான். சின்னப் பிள்ளையின் கை நம் கையைவிட வேகமாகத் தட்டும். நம் வேகத்துக்கு இழுக்காமல், அது தட்டுகிற வேகத்தில் நீ பாடு.

உறக்கப் பாட்டுக்கு நல்ல ஒழுங்கு வேண்டும். விளக்கைக் குறைத்து, பால் குடித்து, தோளில் போட்டு ஏப்பம் எடுத்த பிறகுதான் பாட்டு. முதலில் வார்த்தையுள்ள பாட்டு, பிறகு வெறும் ராராரோ, பிறகு வாய்மூடி முனகல், பிறகு அதுவும் இல்லை. கண் பாதி சொருகும்போதே நிறுத்திவிடு. நன்றாக உறங்கும்வரை பாடிப் பழக்கினால், நடுச்சாமத்தில் விழிக்கும்போதும் அதே பாட்டு கேட்டு அழும். தொட்டிலை ஆட்டினால் பாட்டின் நடைக்கு மெதுவாக ஆட்டு. துணித் தொட்டிலில் தாடை நெஞ்சோடு ஒட்டினால் மூச்சு முட்டும், ஆகவே உறங்கியதும் எடுத்து, கெட்டியான சமமான படுக்கையில் மல்லாக்கப் போட வேண்டும். எந்த மொழியில் பாடலாம் என்ற கவலையும் வேண்டாம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர் இது, ஒரே வீட்டில் தமிழ்த் தாலாட்டும் மலையாளத் தாலாட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ.

இனி ஸ்பீக்கர். வாங்கினால் பாட்டு பதினைந்து இருபது நிமிடம் ஓடட்டும், பிறகு அணைத்துவிடு. நாள் முழுக்கப் பின்னணியில் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அதிலிருந்து உங்கள் பேச்சைப் பிரித்துக் கேட்கப் பிள்ளைக்குக் கஷ்டம். பெரியவர்களுக்கு இருக்கிற அந்தத் திறன் அதற்கு இன்னும் வரவில்லை. உறங்க வைக்க, ஒரே சீராகச் சத்தம் போடுகிற இரைச்சல் கருவி வைப்பதானால் தொட்டிலிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி, 50 டெசிபலுக்கு மேல் போகாமல் இருக்கட்டும். போனில் வீடியோ பாட்டு வேண்டவே வேண்டாம். ஒரு வயதுக்குள் திரையே கூடாது என்றும், இரண்டு வயதுக்கு மேல் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. வீடியோ காலில் நான் பாடுவது வேறு, அதில் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. ஆனால் சத்தம் கொஞ்சம் பிந்தி வருவதால் சேர்ந்து கை தட்ட முடியாது. நான் ஒரு வரி, பிறகு நீ ஒரு வரி என்று முறை வைத்துக்கொள்வோம். நீட்டி முனகினால் இரைச்சல் என்று நினைத்துப் போனே வெட்டிவிடுகிறது, தாலாட்டைத் தனியாகப் பதிந்து அனுப்புகிறேன்.

பார்சலில் பனையோலைக் கிலுக்கு ஒன்று வைத்திருக்கிறேன். அது நீ ஆட்டிக் காட்டத்தான். வாயில் வைத்தால் எச்சிலில் ஓலை ஊறிப் பிரியும், உள்ளே இருக்கிற கல் வெளியே வரும். பிள்ளை தானாகப் பிடிக்க, லேசான, ஒரே வார்ப்பில் செய்த கிலுகிலுப்பை வாங்கு. கனமானது என்றால் தன் நெற்றியிலேயே அடித்துக்கொள்ளும். மூன்று வயதுவரை, ஏறக்குறைய 3.2 சென்டிமீட்டர் அகலமுள்ள குழாய்க்குள் நுழைகிற எதுவும் கையில் கிடைக்கக் கூடாது. டப்பாவில் விதை போட்டுக் குலுக்குவதானால் குன்றிமணி மட்டும் வேண்டாம், கடித்து உடைந்தால் உயிருக்கே ஆபத்தான விஷம். ஒன்றரை வயதுக்கு மேல் இரண்டு தேங்காய்ச் சிரட்டை போதும். வெளிநாரைச் சுரண்டி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கிக் கொடு. தரையில் தட்ட ஒரு சத்தம், ஒன்றோடொன்று தட்ட வேறு சத்தம். பேட்டரி பொம்மை யாராவது தந்தால் ஸ்பீக்கர் ஓட்டையின்மேல் டேப் ஒட்டிவிடு, சத்தம் குறையும்.

இன்னொரு முக்கியமான காரியம். பிறந்தபோது காது பரிசோதனை செய்த தாள் இருக்கிறதா என்று பார். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, குறை தெரிந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதுதான் கணக்கு. செய்யவில்லை என்றால் இந்த வாரமே போ. வீட்டில் பார்ப்பதானால் முகத்தருகே கை தட்டிப் பார்க்காதே, காற்றும் நிழலும் பட்டே கண்ணை இமைத்துவிடும். பக்கவாட்டில் கண்ணுக்குத் தெரியாமல் நின்று மெல்லக் கூப்பிடு. ஆறு மாதத்துக்குள் சத்தம் வந்த பக்கம் தலை திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால், வீட்டில் யார் என்ன சமாதானம் சொன்னாலும் காத்திருக்காதே.

ஊர்க்கோவில் கொடைத் திருவிழாவுக்கு வருகிறாய். வில்லுப்பாட்டைப் பிள்ளை கேட்கட்டும். குடமும் உடுக்கையும் வீசுகோல் மணியும் சேர்ந்து வருகிற தாளத்துக்கு எந்தப் பிள்ளையும் கண்ணை விரிக்கும். ஆனால் பெட்டி ஸ்பீக்கர் பக்கத்தில் உட்காராதே. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும், ஆகவே பந்தலின் பின்கோடிக்குப் போ. கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் பிள்ளைக்கு ஆகாது. காதில் பஞ்சு வைப்பது பயனில்லை, பிள்ளைகளுக்கென்று தலையைச் சுற்றிப் போடுகிற காதுமூடி ஒன்று வாங்கி வா. நையாண்டி மேளம் தொடங்கும்போதும் வெடி போடும்போதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடு, நான் கதவைத் திறந்து வைக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா