காரைக்குடியில் உடன் நடந்த தம்பிக்கு

தம்பி, உங்கள் பெயரைக் கேட்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. வெள்ளைக்கோலோடு தேவகோட்டை பஸ்ஸுக்கு வந்த பார்வையற்றவன் நான்தான்.

பழகிய வழிதான், எப்போதும் தனியாகவே போய்வருவேன். அன்று சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் திசை பிடிபடவில்லை. இப்படி நேரத்தில் பலர் கோலையே பிடித்து இழுப்பார்கள். அன்பால்தான், ஆனால் கோல் போனால் எனக்குத் தரையே தெரியாது. நீங்களோ, "கூட வரட்டுமாண்ணே?" என்று கேட்டீர்கள். உங்கள் புறங்கை என் கைமேல் லேசாகப் பட்டது. உங்கள் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டேன். அரையடி முன்னால் நடந்தபடியே, "வலப்பக்கம் பள்ளம்ணே, இப்ப ஒரு படி ஏறணும்" என்றீர்கள். யார் சொல்லித்தந்தார்கள் உங்களுக்கு?

அப்புறம் அந்த டீக்கடை. 100 ரூபாய் நோட்டின் ஓரத்தில் 4 கோடுகள், 500 ரூபாயில் 5. தடவித்தான் கண்டுபிடிப்பேன், பழைய நோட்டென்றால் தேய்ந்துபோய் நேரமாகும். நீங்கள் குறுக்கே வரவே இல்லை. என் காசை நானே கொடுத்தேன். அதற்குத்தான் இந்த நன்றி, தம்பி.

பஸ் வந்ததும் என் கையைக் கம்பியில் வைத்துவிட்டு விலகிக்கொண்டீர்கள்.

காரைக்குடிக்காரர்கள் யாருக்காவது இவரைத் தெரிந்தால் இதைக் காட்டுங்கள். தம்பி, அடுத்த முறை என்னைப் பார்த்தால் ஒரு குரல் கொடுங்கள். டீ என் கணக்கு.